உளமாரவா, கடவுள் அறியவா?

தேர்தல் முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்காகக் கூடத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் அப்படியே கிடந்தன. எடுத்து அடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. மந்திரிசபைப் பட்டியல் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் இப்போது எல்லாமே அப்புறம்தான். ஒழுகுகிற குழாய், டாக்டரிடம் காட்ட வேண்டிய மாமாவின் முழங்கால், மந்திரி பங்களாவுக்குப் போனால் பேப்பர்காரருக்குச் சொல்ல வேண்டிய முகவரி மாற்றம், எல்லாம் பட்டியலுக்கு அப்புறம்.

போன வாரம் கட்சித் தலைவர் மேடையில் ஒரு வார்த்தை சொன்னது நினைவிருக்கும். "ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலிதான்." அதைக் கேட்டு மற்ற வீடுகளில் எப்படியோ, இந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். இங்கே ஜெயித்தவர்கள் இரண்டு பேர். மாமா கிழக்குத் தொகுதியில் ஆறாவது முறை. அவருடைய தங்கை மேற்குத் தொகுதியில் முதல் முறை. அதுவும் அந்தத் தொகுதியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பதால், கடைசி நாளில் வேறு ஆள் கிடைக்காமல் மாமாவே நிறுத்தி வைத்தது. நாற்காலி ஒன்றே ஒன்று என்றால் அது யாருக்கு என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் புத்தி தடுமாறவில்லை.

ஆறு முறை ஜெயித்தும் ஒரு தடவைகூட மந்திரியாகாதவர் மாமா. ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் ஏதாவது வந்து நடுவில் விழும். இந்தத் தடவையும் இல்லையென்றால் இனி இல்லை. வயது அறுபத்தொன்பது.

அவருடைய மகனைக் கட்டிய மருமகளுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: வாய்ப்பூட்டு. வைத்தவர் மாமாதான். அவள் வேலை பார்ப்பது செயலகத்தில், பதவியேற்புப் பிரிவில். பதினோரு வருஷமாக அந்தப் பிரிவின் சமாசாரம் ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வீட்டுக்கு வந்ததில்லை. "எங்க வீட்டு வாய்ப்பூட்டைத் திறக்க இன்னும் சாவி செய்யலை" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை இந்தப் பன்னிரண்டு நாளில் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

அன்று காலை அவள் காபி கலக்க வந்தபோது கணவன் ஃபிரிட்ஜ் முன்னால் பேனாவோடு நின்றான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒரு பெரிய தாள் ஒட்டி, மந்திரிக்கு வாய்ப்புள்ளவர்கள் என்று நாற்பத்திரண்டு பேரை எழுதி, மாவட்ட வாரியாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். டிவிக்காரர்கள் நேரத்துக்கு ஒரு பட்டியல் விடுவார்கள். இவன் அதற்கேற்ப அடித்து எழுதுவான். தாளில் எழுத்தைவிட அடித்தல் அதிகம்.

"பாலை எடுக்கணும், கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

"மொத்தம் பதினெட்டு இடம். வடக்கு மாவட்டத்துக்கு நாலு போனாலும், அஞ்சு போனாலும் அப்பாவுக்கு இடம் இருக்கு. எப்படிப் போட்டாலும் வருது."

"போன தடவையும் எப்படிப் போட்டாலும் வந்துது."

"போன தடவை கூட்டணிக் கட்சியை நான் கழிக்கலை." அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்குத்தானே உங்களுக்குப் பட்டியல் வரும்? ஒண்ணும் சொல்ல வேண்டாம். இருந்தா போன் பண்ணி, துணி காஞ்சுதான்னு கேளு. இல்லைன்னா கேக்காதே. இதுல என்ன ரகசியம் போச்சு?"

"போனை வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் உள்ளேயே விடுவாங்க."

"பாத்ரூம் போற வழியில..."

"அங்கேயும் கூட ஒருத்தர் வருவாங்க."

அத்தை மேஜையில் உட்கார்ந்து மனுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை என்றால் மாமாவின் தங்கை, இவனை வளர்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டு, அண்ணி போன பிறகு இந்த வீட்டையும் அண்ணனின் அலுவலகத்தையும் சேர்த்தே சுமந்தவள். தொகுதியிலிருந்து வரும் மனுக்களைப் படிப்பது, எந்த அதிகாரியைப் பிடிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதுவது, பதில் தயாரிப்பது, எல்லாம் இருபத்தாறு வருஷமாக அவள் கை. கையெழுத்து மட்டும் அண்ணனுடையது. இப்போது தானே ஜெயித்த பிறகும் அதே நாற்காலி, அதே பேனா. மனுக்கள்தான் இரட்டிப்பாகிவிட்டன.

அவள் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"ஏன்டா, மேற்குத் தொகுதியைக் காணோமே?"

"உன்னையா?" அவன் சிரித்தான். "நீ நம்ம ஆளுதானே அத்தை. உன்னைத் தனியா எழுதணுமா?"

"அதுவும் சரிதான்" என்று அத்தை மறுபடி மனுவில் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

குளியலறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "இந்தா, உன் தொகுதிக்காரன் போன்ல! தண்ணி வரலையாம்! நான் சோப்புப் போட்டுக்கிட்டிருக்கேன்!" கதவு ஒரு சாண் திறந்து, ஈரக்கை ஒன்று போனை நீட்டியது. அத்தை ஓடிப்போய் வாங்கினாள்.

இது தினமும் நடக்கிற கூத்து. அத்தைக்குத் தனியாக ஒரு போன் இருந்தது. இருந்து என்ன? இத்தனை வருஷமாக எந்தப் படிவத்தை நிரப்பினாலும் தொடர்பு எண் என்ற இடத்தில் அவள் கை தானாக அண்ணனின் எண்ணைத்தான் எழுதும். தன் வேட்புமனுவிலும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். தேர்தல் அலுவலகம் அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அதுவும் அப்புறத்தில் கிடந்தது.

மாமா தலை துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். போன் மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது. ராத்திரி தலையணைக்கு அடியில், பகலில் சட்டைப்பையில், குளிக்கும்போது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில். பன்னிரண்டு நாளாக அது ஒரு முழு மணி அடித்தது கிடையாது. பாதியிலேயே எடுத்துவிடுவார்.

"சிரிக்காதீங்க" என்றார். "எங்க காலத்துல ஒருத்தன் இப்படித்தான் குளிக்கப் போனான். உங்க பிரிவுலேருந்து கூப்பிட்டாங்க. எடுக்கலை. நாலு மணிக்கு இரண்டாவது உறையைப் பிரிச்சுட்டாங்க. அதுல இருந்தவன் மந்திரி. குளிச்சவன் ஈரத்தோட நின்னான். சரிதானேம்மா வாய்ப்பூட்டு? இரண்டாவது உறை இப்பவும் உண்டா?"

அவள் காபியை அவர் முன்னால் வைத்தாள். "சூடா இருக்கு மாமா."

"பார்த்தீங்களா!" மாமா மேஜையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு முடிந்த கையோடு முகம் தொங்கிப்போனது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்த மனிதர் நிஜமாகவே தூங்கிப் பல நாள் ஆகிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. கொடுத்துத் தொலைத்தால் என்ன இவருக்கு என்றும் இருந்தது.

அவள் செருப்பைப் போடும்போது அத்தை வாசல் வரை வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். ரகசியம் இல்லை, பயப்படாதே. அந்த உறுதிமொழித் தாள்ல எழுத்து பெருசா இருக்குமா? கண்ணாடி இல்லாம படிக்க வருமா?"

"யாருக்கு அத்தை?"

"அண்ணாவுக்குத்தான்" என்று அத்தை அவசரமாகச் சொன்னாள். "வேற யாருக்கு?"

மாமா கண்ணாடியே போடுவதில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நிற்க இடம் கிடைத்ததே பெரிது என்ற கூட்டத்தில் அதை மேலே யோசிக்கவும் முடியவில்லை.

பதவியேற்புப் பிரிவு என்றால் ஏதோ பெரிய மண்டபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் மூட முடியாத ஓர் அறை. இரண்டு மேஜை, இரண்டு தொலைபேசி, ஒரு பிரிண்டர், ஒரு கண்காணிப்பாளர். அவர் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது; கறார் என்றால் மாடி முழுக்கத் தெரியும். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதத்துக்குள் ஒரு மந்திரிசபை பதவியேற்க வேண்டுமா என்ற சலிப்பை அவர் மறைக்கவே இல்லை.

வேலை எளிதானது. தலைவர் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு உறைகள் வரும். பச்சை உறையில் முதல் பெயர், பழுப்பு உறையில் இரண்டாவது பெயர். பச்சையைப் பிரித்து, அதிலிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, தாளில் அச்சடித்திருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. உறுதிமொழியை உளமார என்று எடுப்பாரா, கடவுள் அறிய என்று எடுப்பாரா? பதில் வந்ததும் அதற்குரிய தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைக்க வேண்டும். நான்கு மணிக்குள் சம்பந்தப்பட்டவரிடம் பேச முடியவில்லை என்றால் பழுப்பு உறை. ஒரு உறையில் இருக்கும் தாளை அதைப் பிரித்தவரும் கறாரும் தவிர மூன்றாவது ஆள் கையில் தொடக் கூடாது.

பிரிவில் எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அவள் முதல் நாளே கொடுத்துவிட்டாள். என் மாமனார் கிழக்குத் தொகுதி உறுப்பினர், ஆகவே அந்தத் தொகுதி உறையை என்னிடம் தர வேண்டாம். கறார் அதைப் படித்து, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார். பச்சை உறைகளில் எது எந்தத் தொகுதி என்ற குறிப்பு அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

ஒரு மணிக்கு உறைகள் வந்தன. அவளுக்கு ஒன்பது, எதிர் மேஜைக்காரருக்கு ஒன்பது. போன்கள் எல்லாம் தட்டில் வைக்கப்பட்டு அலமாரியில் பூட்டப்பட்டன. கறார் இணைப்புப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

முதல் ஆள் பதிலே சொல்லாமல் அழுதார். இரண்டாவது ஆள் "எந்த இலாகா?" என்று நான்கு தடவை கேட்டார். "அது இந்தப் பிரிவுக்குத் தெரியாது" என்று அவள் நான்கு தடவை வாசித்தாள். மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்தி, "இரண்டுல எது சொன்னா தலைவருக்குப் பிடிக்கும்?" என்றார். நான்காவது வீட்டில் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ஐந்தாவது ஆள் நிதானமாக யோசித்து, "இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். கறார் கண்ணை மூடிக்கொண்டார்.

மணி மூன்றே கால். அவள் ஆறாவது உறையைப் பிரித்தாள்.

மேற்குத் தொகுதி.

பெயரை இரண்டு தடவை படித்தாள். அதற்குக் கீழே இருந்த எண்ணைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது மனப்பாடம்.

 முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். அத்தைக்கா! அடுத்த நொடியே தலைவரின் பேச்சு ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி. அப்படியென்றால் கிழக்குத் தொகுதி எதிர் மேஜையிலும் இருக்காது. எந்த மேஜையிலும் இருக்காது. தான் எழுதிக் கொடுத்த கடிதம் ஞாபகம் வந்தது. அதில் அத்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஃபிரிட்ஜில் கணவன் எழுதாமல் விட்டதற்குக் காலையில் மனசுக்குள் சிரித்தவள், தான் விட்டதை இப்போதுதான் பார்த்தாள்.

"சார், இது எங்க வீடு" என்றாள் மெதுவாக.

கறார் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். "உன் கடிதத்துல கிழக்குன்னுதானே இருந்தது?"

"இவங்க எங்க வீட்டு அத்தை. எழுத விட்டுப்போச்சு சார். இதை எதிர் மேஜைக்கு மாத்திக் கொடுத்துடறீங்களா?"

"பிரிச்சாச்சு. இப்போ மாத்தினா மூணு பேர் கை பட்டதாகும்." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "தாள்ல இருக்கறதை மட்டும் படி. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் எண்ணை அழுத்தினாள். பாதி மணிகூட அடிக்கவில்லை.

"ஹலோ!"

தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த குரல். மேடையில்கூட மாமா அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"வணக்கம். செயலகம், பதவியேற்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன்."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. குரலைக் கண்டுபிடித்துவிட்டார். யார் பேசுகிறார்கள் என்றும் தெரிந்துவிட்டது, எதற்குப் பேசுகிறார்கள் என்றும் தெரிந்துவிட்டது.

"நாளை காலை பத்து மணிக்கு நடைபெறும் அமைச்சரவைப் பதவியேற்பு தொடர்பாக..."

"உளமார" என்றார் மாமா.

அவள் நிறுத்தினாள்.

"உளமாரன்னே போட்டுக்கோம்மா. அதுல யோசிக்க எதுவும் இல்லை. இருபத்தாறு வருஷமா முடிவு பண்ணி வெச்சிருக்கேன்." குரல் உடைந்தது. "நீயே கூப்பிடுவேன்னு நினைக்கலை. உன் வாயாலேயே கேக்கணும்னு இருந்திருக்கு பாரேன்."

தாளில் அடுத்த வரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே கறார் தலையை மட்டும் அசைத்தார். படி. பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு வாசித்த வரி. அவள் வாசித்தாள்.

"மேற்குத் தொகுதி உறுப்பினர் அவர்களிடம் பேச வேண்டும்."

 பின்னால் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் உற்சாகமாகப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"எந்தத் தொகுதி?"

"மேற்குத் தொகுதி."

"சரியாப் பாரும்மா. அவசரத்துல மாறியிருக்கும்."

"மேற்குத் தொகுதி உறுப்பினர் அவர்களிடம் பேச வேண்டும்" என்று மறுபடி வாசித்தாள். கண்ணில் நீர் முட்டியதில் எழுத்து கலங்கியது. பெரிய எழுத்தில் அடித்திருந்தால் தேவலை என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது. கண்ணாடி இல்லாமல் படிக்க வருமா என்று அத்தை கேட்டது யாருக்காக என்று இப்போது விளங்கியது.

 மாமாவின் குரல் மாறியிருந்தது. வீட்டுக்குரலும் இல்லை, மேடைக்குரலும் இல்லை. முன்பின் தெரியாத அலுவலகத்துக்குப் பதில் சொல்கிற குரல்.

"அவங்க வெளியில போயிருக்காங்க."

"எப்போது திரும்புவார்கள்?" இதுவும் தாளில் இருந்த வரிதான்.

"சொல்ல முடியாது. நாலு மணிக்கு மேல ஆகும்."

நாலு மணி. அந்த வார்த்தையை அவராகத்தான் சொன்னார். பழுப்பு உறை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குள் யார் பெயர் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆறு தடவை ஏமாந்த மனிதருக்கு அந்தத் தெரியாதது போதுமாக இருந்தது.

அப்போது, டிவி சத்தத்துக்கு மேலே, தெளிவாக ஒரு குரல் வந்தது.

"அண்ணா, யாரு போன்ல? என் தொகுதிக்காரங்களா? இப்படிக் குடு, நான் பேசறேன்."

கறார் இணைப்புப் போனைக் காதோடு அழுத்தினார். அவருக்கும் கேட்டுவிட்டது.

தாளில் இதற்கு வரி இல்லை. அவள் முதல் தடவையாகத் தாளை விட்டு வெளியே வந்தாள்.

"மாமா. அத்தை குரல் கேக்குது."

பெருமூச்சு ஒன்று வந்தது. தூங்காத பன்னிரண்டு நாளும் அதில் இருந்தன.

"உனக்கு வாய்ப்பூட்டுன்னு பேர் வெச்சது நான்தானேம்மா?" என்றார் மாமா. கெஞ்சலாகத்தான் சொன்னார். இணைப்பு அறுந்தது.

அவள் போனை வைத்தாள். எதிர் மேஜைக்காரர் தன் தாள்களை அச்சடித்துக்கொண்டிருந்தார். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பியது. கறார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சம்பந்தப்பட்டவர்கிட்ட பேசினியா, இல்லையா? அதைத்தான் எழுதணும்" என்றார். "பேசலை. பேச முடியலைன்னு எழுதினாலும் பொய் இல்லை. நான் கேட்டதைப் பத்தி என்னை யாரும் கேக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடப்போறது நீ."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதே மேஜையில் காபி வைக்க வேண்டும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த மேஜையில் ஒருவர் முகத்தை அவளால் பார்க்க முடியாது. எந்த முகம் என்பதை மட்டும் அவள் முடிவு செய்ய வேண்டும். இதற்கா இத்தனை வருஷம் வாயை மூடி வைத்திருந்தோம் என்று அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாரம் தூங்கினால் போதும் போலிருந்தது.

"எத்தனை தடவை கூப்பிடலாம் சார்?"

"நாலு மணி வரைக்கும் எத்தனை தடவை வேணாலும். ஆனா தாள்ல இருக்கற எண்ணுக்கு மட்டும்தான்."

அவள் அதே எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு. பன்னிரண்டு நாளாக ஒரு முழு மணி அடிக்க விடாத போன். மூன்று. நான்கு. மாமா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து. அந்த வீட்டில் ஒரு போன் இத்தனை நேரம் அடித்தால் அத்தை கூடத்துக்கு வராமல் இருக்க மாட்டாள். ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது மணியில் எடுத்தார்கள்.

யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. யாருடைய மூச்சு என்று சொல்ல முடியவில்லை.

அவள் வணக்கத்தை விட்டாள், செயலகத்தை விட்டாள், நாளைக் காலையை விட்டாள். நேராக அந்த வரிக்குப் போனாள். கூடத்தில் கிடக்கும் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்க வேண்டும் என்பது போல, வாழ்க்கையில் அதுவரை எழுப்பாத குரலில் வாசித்தாள்.

"மேற்குத் தொகுதி உறுப்பினர் அவர்களிடம் பேச வேண்டும்!"